பிரிஸ்பேன் கராஜில் பீர் கிட்: ஈஸ்ட்டை மாற்றும் முன் சூட்டைப் பாருங்கள்

கேட்டவருக்கு வலங்கைமான் பக்கம் சொந்த ஊர், இப்போது பிரிஸ்பேனில் வேலை. அங்கே கடையில் 1.7 கிலோ பீர் கிட் டப்பா ஒன்றை (ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்த்துச் சுண்டவைத்த மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் பாகு) வாங்கி, ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்த்து, நவம்பர் கடைசியில் கராஜில் வைத்து 23 லிட்டர் போட்டிருக்கிறார். ஆறு நாளில் பாட்டிலில் அடைத்துவிட்டார். திறந்து பார்த்தால் பச்சை ஆப்பிள் வாடை, கூடவே நெயில் பாலிஷ் நெடி, குடித்தால் தொண்டையில் சுள்ளென்று ஏறுகிறது. டப்பா மூடிக்கு அடியில் வந்த ஈஸ்ட்தான் குற்றவாளியா, வேறு எதை வாங்குவது, மாப்பிள்ளைச் சம்பாவும் வெல்லமும் சேர்க்கலாமா என்று கேட்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு கிட் கொண்டுவந்து அப்பாவோடு போட்டுப் பார்க்கலாமா, நம் டெல்டா வெயிலுக்கு எந்த ஈஸ்ட் தாங்கும் என்பது கடைசிக் கேள்வி.

தம்பி, நான் கும்பகோணத்துக்காரன். வெளிமாநிலத்தில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் ஈஸ்ட்டைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஊருக்குக் கிட் கொண்டுவராதீர்கள். ஏன் என்று பின்னால் விவரமாகச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் பிரிஸ்பேனில் உங்கள் கராஜுக்கான பதில்கள்.

நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றல்ல. பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடு. ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக மாற்றும் வழியில் இது நடுவில் உண்டாகிறது. பொறுத்திருந்தால் அதே ஈஸ்ட் இதையும் எடுத்து முடித்துவிடும். ஆறாம் நாளே பாட்டிலில் அடைத்ததால் அந்த வேலை பாதியில் நின்றிருக்கிறது. நெயில் பாலிஷ் நெடி எத்தில் அசிட்டேட். தொண்டையில் ஏறுவது ஃபியூசல் எனப்படும் கனமான சாராயங்கள். இந்த இரண்டும் சூட்டில் வருபவை, எத்தனை நாள் வைத்தாலும் போகாது. புளிச்ச காடி வாடை இல்லை என்றால் பாக்டீரியா புகுந்ததாக நினைக்க வேண்டாம். உங்கள் சுத்தம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

சூடு என்றால் கராஜில் தொங்கும் தெர்மாமீட்டர் காட்டுகிற சூடு இல்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் தானே வெப்பத்தை விடுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் வாளிக்குள் இருப்பது வெளிக்காற்றைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக இருக்கும். உங்கள் ஊர்ப்பக்கம் விதைநெல் முளைகட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊறவைத்து, வடியவிட்டு, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் சுடும். வெளியே எவ்வளவு குளிர் என்பது அந்த நெல்லுக்குத் தெரியாது, அதன் மூச்சே அதைச் சூடாக்குகிறது. அனுபவமுள்ளவர்கள் அந்த நேரத்தில் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணிப்பார்கள், இல்லையென்றால் முளை வெந்துவிடும். உங்கள் வாளியிலும் இதுதான் நடந்தது. கராஜ் 29 டிகிரி என்றால் உள்ளே 32, 33. ஏல் எனப்படும் பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட்டை அந்தச் சூட்டில் விட்டால் உலகத்தின் எந்தக் கம்பெனி பொட்டலமாக இருந்தாலும் இதே வாடைதான் வரும்.

அதற்காக மூடிக்கு அடியில் வரும் பொட்டலம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். ஈஸ்ட் மோசமானது அல்ல, அளவுதான் குறைவு. கிட்டுகளில் பெரும்பாலும் 5 முதல் 7 கிராம் வைக்கிறார்கள். ஃபெர்மென்டிஸ் போன்ற உலர் ஈஸ்ட் தயாரிப்பாளர்கள் ஏல் பீருக்கு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் என்கிறார்கள். 23 லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் குறைந்தபட்சம் 11.5 கிராம். தனியாக விற்கும் பொட்டலங்கள் 11 கிராம், 11.5 கிராம் என்று வருவது இதனால்தான். மேலும் அந்த டப்பா கிடங்கிலும் கடை அலமாரியிலும் எத்தனை கோடையைப் பார்த்ததோ யாருக்குத் தெரியும்? மால்ட் கொஞ்சம் கருக்கும், அவ்வளவுதான். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஈஸ்ட்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். ஆகவே, தனிப் பொட்டலம் வாங்குங்கள், குளிர்பதனப் பெட்டியில் வைத்து விற்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். கிட்டோடு வந்த பொட்டலத்தையும் தூக்கிப்போட வேண்டாம். மால்ட்டைக் கரைக்கக் கொதிக்கவைக்கும் தண்ணீரில் அதைப் போட்டால் செத்த ஈஸ்ட் புது ஈஸ்ட்டுக்கு நல்ல உணவு.

இனி ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து முழு வளர்ப்பையும் பெருக்கிக் காட்டினார். அதுவரை ஆலைகளில் நல்லதும் கெட்டதும் கலந்த ஈஸ்ட் கூட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டி நன்றாக வரும், அடுத்தது கெடும், காரணம் தெரியாது. கார்ல்ஸ்பெர்க் அந்த முறையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. இன்று நீங்கள் கடையில் பெயர் சொல்லி ஒரு குறிப்பிட்ட வகை ஈஸ்ட்டை வாங்க முடிகிறது என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது.

பெரிய பிரிவுகள் இரண்டு. ஏல் ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் செரிவிசியே, ரொட்டி ஈஸ்ட்டின் இனம்தான், 18 முதல் 22 டிகிரியில் சுத்தமாக வேலை செய்யும். லாகர் ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ், ஒரு கலப்பினம். அதன் ஒரு பெற்றோர் செரிவிசியே. இன்னொன்று யார் என்று நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2011-இல்தான் தென் அமெரிக்காவின் பாட்டகோனியாக் காட்டு மரங்களில் அந்த இனத்தைக் கண்டுபிடித்தார்கள். குளிர் தாங்கும் குணம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதனால் லாகர் ஈஸ்ட்டுக்கு 12, 13 டிகிரி கொடுக்க வேண்டும். உங்கள் டப்பாவில் ‘லாகர்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏல் ஈஸ்ட்தான். வீட்டில் சாதாரண சூட்டில் வைப்பார்கள் என்று தயாரிப்பாளருக்குத் தெரியும்.

பிரிஸ்பேன் கடைகளில் கிடைப்பவற்றில் யு.எஸ்.-05 என்ற அமெரிக்க ஏல் ஈஸ்ட் ஒன்று உண்டு. தன் வாடையை அதிகம் காட்டாது, மால்ட்டும் ஹாப்ஸும் பேசும்படி ஒதுங்கி நிற்கும். வாளியை 20 டிகிரிக்குள் வைக்க முடியும் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். எஸ்-04 இங்கிலாந்து வகை, சீக்கிரம் முடித்துக் கெட்டியாக அடியில் படியும், பீர் தெளிவாக வரும். ஆனால் சூடு ஏறினால் இது முன்னதைவிட மோசமாக நடந்துகொள்ளும். நாட்டிங்ஹாம் குளிரையும் தாங்கும். கோதுமை பீர் வாடை வேண்டும், வாழைப்பழமும் கிராம்பும் மணக்க வேண்டும் என்றால் டபிள்யூ.பி.-06. சைசான் என்ற பெல்ஜியப் பண்ணை பீர் வகைக்கு பெல் சைசான், இது 30 டிகிரிக்கு மேலும் மிளகு மணத்தோடு நன்றாகவே போகும்.

கடைசியாகச் சொன்ன இரண்டையும் ஒரு எச்சரிக்கையோடுதான் பரிந்துரைப்பேன். இவை டயஸ்டாட்டிகஸ் என்ற குணம் உள்ளவை. மற்ற ஈஸ்ட்டுகளால் தொட முடியாத நீண்ட மாவுச் சங்கிலிகளையும் ஒரு நொதியை விட்டு மெதுவாக உடைத்துத் தின்னும். முடிந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலில் அடைத்தால் உள்ளே தின்பது தொடரும், அழுத்தம் ஏறும், கண்ணாடி வெடிக்கும். பாட்டில் துண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஈஸ்ட்டைப் போட்ட வாளியின் குழாயில் மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த தடவை போடும் பீரிலும் அது புகும். முதல் வருடத்தில் இவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அப்புறம், உங்களுக்காகவே இருப்பது போன்ற ஒன்று: க்வெய்க். நார்வேயின் மேற்குப் பகுதி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் வைத்திருந்த ஈஸ்ட். ஒரு தடவை பீர் போட்டு முடிந்ததும் நுரையையோ அடிக் கசடையோ எடுத்து மரத்தால் செய்த வளையத்திலும் துணியிலும் காயவைத்துத் தொங்கவிடுவார்கள், அடுத்த விசேஷத்துக்கு அதையே எடுத்துப் போடுவார்கள். மால்ட் கரைசல் முழுக்க ஆறும் வரை காத்திருக்காமல், உடம்புச் சூடு இருக்கும்போதே போடுவது அவர்கள் வழக்கம். ஓரிரு நாளில் பீர் தயாராக வேண்டும். சூட்டில் கெட்ட வாடை விட்ட ஈஸ்ட்டை மறுபடி எடுத்து வைத்திருக்க மாட்டார்கள், நல்லதைத்தான் வைத்திருப்பார்கள். அப்படிப் பல நூறு ஆண்டுகளாகக் கழித்துக் கழித்து எடுத்ததில் சூட்டைத் தாங்கும் ஈஸ்ட் மிஞ்சியது. 2018-இல் வந்த மரபணு ஆய்வு இவற்றை மற்ற பீர் ஈஸ்ட்டுகளிலிருந்து விலகிய தனிக்குடும்பம் என்று காட்டியது. பனி பெய்யும் நாட்டிலிருந்து 40 டிகிரியில் வேலை செய்கிற ஈஸ்ட் வந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இவற்றில் வாஸ் என்ற ஊரின் க்வெய்க் உலர்ந்த பொட்டலமாகவே கிடைக்கிறது, லாலமாண்ட் தயாரிப்பு. 25 முதல் 40 டிகிரி வரை தாங்கும், 35-க்கு மேல்தான் அதற்கு உற்சாகம். லேசான ஆரஞ்சுத் தோல் மணம் விடும். டிசம்பர், ஜனவரியில் உங்கள் கராஜில் வைக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். இதற்குப் பசி அதிகம். கிட்டும் சர்க்கரையுமாகப் போட்ட கரைசலில் நைட்ரஜன் சத்து குறைவு, அதனால் ஈஸ்ட் ஊட்டம் என்று விற்பதை வாங்கி அதன் மேல் எழுதிய அளவில் சேருங்கள். அப்புறம், பாதியில் சூடு இறங்கக் கூடாது. இரவில் 25-க்குக் கீழே போனால் பழைய கம்பளி ஒன்றால் வாளியைச் சுற்றுங்கள். நான்கு நாளில் முடிந்த மாதிரி இருக்கும், இருந்தாலும் ஒரு வாரம் விடுங்கள். பச்சை ஆப்பிள் வாடை போவது அந்தக் கடைசி நாட்களில்தான்.

சூட்டைக் குறைக்கும் வழியும் உண்டு. அகலமான தொட்டியில் தண்ணீர் விட்டு வாளியை அதில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றிப் போட்டால் 6, 7 டிகிரி இறங்கும். முதல் மூன்று நாள் இதைச் செய்தால் போதும், வாடை உண்டாவது பெரும்பாலும் அப்போதுதான். வசதி இருந்தால் பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்குங்கள். அதன் உணரியை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி மேலே ஒரு துணியை மடித்துக் கட்ட வேண்டும், காற்றில் தொங்கவிடக் கூடாது. விலை கூடிய ஈஸ்ட்டும் விலை கூடிய கிட்டும் வாங்குவதைவிட இந்தச் செலவு எத்தனையோ மேல்.

சர்க்கரைக்கு வருவோம். 1.7 கிலோ மால்ட்டுக்கு ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை அதிகம். சாராயம் ஏறும், உடம்பு இருக்காது, தண்ணீர் மாதிரி இருக்கும். பாதியை உலர் மால்ட்டாக (மால்ட் பாகை உலர்த்திய தூள்) மாற்றுங்கள், அதாவது 500 கிராம். மீதிக்கு வெல்லம் 300 முதல் 400 கிராம். வெல்லம் தாராளமாகச் சேர்க்கலாம், அதில் பெரும்பகுதி ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரைதான். அய்யம்பேட்டை, கணபதி அக்ரஹாரம் பக்கம் காய்ச்சுகிற அச்சு வெல்லத்தில் கருத்ததாகப் பாருங்கள். பளிச்சென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்தது, அதன் கந்தக வாடை பீரில் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மண்ணும் சக்கையும் போக வடிகட்டிச் சேருங்கள். இனிப்பு மிஞ்சாது, அடியில் லேசாகக் காய்ச்சின பாகு மணம் மட்டும் நிற்கும். இங்கிருந்து எடுத்துப்போவதானால் விமான நிலையத்தில் இறங்கும்போது உணவுப்பொருள் இருப்பதை எழுதிக் காட்டிவிடுங்கள், ஆஸ்திரேலியாவில் அது கட்டாயம்.

மாப்பிள்ளைச் சம்பா விஷயம் வேறு. அரிசியில் இருப்பது மாவு, சாதாரண பீர் ஈஸ்ட்டால் மாவைத் தின்ன முடியாது. மாவைச் சர்க்கரையாக்கும் நொதி முளைத்த தானியத்தில் உண்டு. சாக்கில் முளைகட்டின விதைநெல் போலவே பார்லியை முளைகட்டிக் காயவைத்ததுதான் மால்ட். ஆனால் கிட் டப்பாவில் இருக்கும் பாகைக் காய்ச்சிச் சுண்டவைத்தபோதே அந்த நொதி செத்துவிட்டது. சோற்றைக் குழைத்து அதில் போட்டால் கலங்கும், பாக்டீரியாவுக்குத் தீனியாகும், வேறு பலன் இல்லை. ஆசை இருந்தால் இப்படிச் செய்யலாம்: அரைக் கிலோ அரிசியை உப்பில்லாமல் குழைய வடித்து, நொறுக்கிய பேல் மால்ட் (வெளிர்நிற மால்ட் தானியம்) ஒரு கிலோவோடு சேர்த்து, 65 முதல் 67 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வடித்தெடுத்த சாற்றைக் கொதிக்கவைத்துக் கிட்டோடு சேருங்கள். உலர் மால்ட்டும் வெல்லமும் அப்போது வேண்டாம். அதற்கும் பொன்னி அரிசி போதும். மாப்பிள்ளைச் சம்பாவின் தவிட்டு எண்ணெய் நுரையைக் கெடுக்கும், அதன் ருசியும் பீரில் தேடினாலும் கிடைக்காது. அந்த அரிசிக்கு உரிய இடம் கஞ்சி.

பாட்டிலில் அடைக்கும் நாளை நாள்காட்டி சொல்லக் கூடாது, கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் 1.040-ஐ ஒட்டி இருக்கும், முடியும்போது 1.010-ஐ ஒட்டி வரும். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஒரே எண் வந்தால்தான் முடிந்தது. பிறகு பாட்டிலில் நுரை வருவதற்கு லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம். உங்கள் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருந்தால் மருந்து வாடை வரும், இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் அது போகாது. அதைப் போக்க, பீர் கிட் கடைகளில் விற்கும் மெட்டாபைசல்பைட் மாத்திரையில் பாதி 23 லிட்டருக்குப் போதும்.

இப்போது ஊர் விஷயம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். விற்காமல், வீட்டுக்குள், சொந்தத்துக்குச் செய்தாலும் விலக்கு இல்லை. பீர் என்றாலும் ஐந்து லிட்டர் என்றாலும் அதேதான். 2024-இல் கொண்டுவந்த திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியிருக்கிறது. காரைக்கால் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். அது புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது, கடையில் வாங்குகிற விதிகள் வேறு, ஆனால் உரிமம் இல்லாமல் தயாரிக்க அங்கும் இடமில்லை. நீங்கள் விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிடுவீர்கள். வழக்கு என்று ஒன்று வந்தால் அந்த வயதில் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடப்பவர் அப்பா. ஒரு வாளி பீருக்கு அது ஈடாகாது.

ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு பீர் போடுவதற்கு உரிமம் வேண்டாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கலாமா என்று யாராவது கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

வீட்டில் போட்டது விஷமாகிவிடுமோ என்று அப்பா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்த எவருக்கும் அந்தப் பயம் வரும், அதில் தவறே இல்லை. அவரிடம் பொறுமையாக விளக்குங்கள். அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால், தொழிற்சாலைக்கு வரும் ரசாயனத்தைச் சாராயம் என்று கலந்து விற்றார்கள். மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கவைப்பதில் அந்த அளவு மெத்தனால் உண்டாவதே இல்லை. அது பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து சிறிது வருவது, பார்லியில் பெக்டின் மிகக் குறைவு. கெட்டுப்போன பீர் நாக்குக்குத்தான் தண்டனை, கண்ணைப் பறிக்காது. காய்ச்சி வடிப்பது ஆபத்தான வேறு வேலை, அதன் பக்கமே போக வேண்டாம்.

அப்பாவோடு சேர்ந்து போட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதற்கு அவரை ஆனி, ஆடியில் பிரிஸ்பேனுக்கு வரவழையுங்கள். ஜூலையில் அங்கே பகல் சராசரியாக 22 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவு 10, 11-க்கு இறங்கும். வீட்டுக்குள் ஒரு மூலையில் வைத்தாலே யு.எஸ்.-05 தண்ணீர்த் தொட்டி இல்லாமல் சுத்தமாக முடித்துவிடும். கராஜில் வைப்பதானால் டபிள்யூ-34/70 என்ற லாகர் ஈஸ்ட்டையும் அந்த மாதத்தில் துணிந்து போடலாம். அதற்கு மட்டும் 23 லிட்டருக்கு இரண்டு பொட்டலம், மூன்று வாரப் பொறுமை. அதற்கு முன்னால், இந்தக் கோடையிலேயே வாஸ் க்வெய்க்கை வெல்லத்தோடு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முதல் மூன்று நாள் வாளியின் சூடு எவ்வளவு இருந்தது, ஹைட்ரோமீட்டர் என்ன காட்டியது என்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.